எங்கும் திறக்கும் ஜிப்: மென்பொருளைத் தேர்வு செய்யும் முறை

"ஃபைல்களைச் சுருக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதைத் திறக்கப் போகிறவர் யார்? உங்கள் கணினியில் எது வேகமாக ஓடுகிறது, எது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருக்குகிறது என்பதெல்லாம் அப்புறம். சுருக்கி அனுப்புகிறவருக்குத் தொல்லை வருவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு திறக்க முடியாமல் தவிப்பவர் எதிர்முனையில் இருப்பவர்.

ஒரு சங்கம் ஆண்டுமலர் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதுகிறவர்களிடம் விண்டோஸ் இருக்கும். பக்கம் வடிவமைப்பவர் மேக்கில் வேலை செய்வார். மெய்ப்புப் பார்க்கிற பெரியவர் கைப்பேசியிலேயே முடித்துவிடுவார். சங்கத்தின் இணையதளம் லினக்ஸ் சர்வரில் ஓடும். ஒரே ஃபோல்டர் இந்த நாலு இடத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட வேலைகளில் எல்லாரும் அதே இரண்டு மூன்று இடங்களில் இடறுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எதிர்முனையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. புதிதாக எதையும் நிறுவாமல் எந்தக் கணினி எதைத் திறக்கும் என்று பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் ஜிப்பைத் திறக்கிறது. விண்டோஸ் 11 மட்டும் 2023 இறுதியில் வந்த மேம்பாட்டுக்குப் பிறகு ரார், 7-இஸட், டார் வகைகளையும் திறக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்றாலும் அதை வைத்திருப்பவர்கள் ஏராளம். அங்கே ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ராரைத் திறக்காது. மேக் ஜிப்பையும் டார்-ஜிஇஸட்டையும் இரட்டைக் கிளிக்கில் விரிக்கும், ராரைத் தொடாது. ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலி ஜிப்பை விரிக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைல்ஸ் செயலியும் அப்படியே. லினக்ஸ் டெஸ்க்டாப் எதிலும் ஜிப் பிரச்சினையே இல்லை.

ஆக, எல்லோருக்கும் பொதுவாக நிற்பது ஜிப் ஒன்றுதான். 1989-இல் ஃபில் காட்ஸ் பிகேஜிப் மென்பொருளோடு இந்த வடிவத்தின் விவரக்குறிப்பையும் வெளிப்படையாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் அதைப் படித்து மென்பொருள் எழுதலாம் என்பதால்தான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் திறக்கிறது. யூஜீன் ரோஷல் 1993-இல் கொண்டுவந்த ரார் அப்படியல்ல. விரிப்பதற்கான மூல நிரல் கிடைக்கும்; அதை வைத்து ரார் கோப்பு உருவாக்கும் மென்பொருளை எழுத உரிமம் அனுமதிக்காது. அதனால் ராரை உருவாக்க ரோஷல் தரப்பின் வின்ரார் போன்ற மென்பொருளே வேண்டும். என் விதி இது: ரார் வந்தால் திறங்கள், நீங்கள் ரார் உருவாக்காதீர்கள்.

மற்றவருக்குக் கொடுக்க ஜிப். உங்களுக்கென்று சேமித்து வைக்கவும், ரகசியமாக அனுப்பவும் 7-இஸட். லினக்ஸ் சர்வரில் நிரல்கள், அனுமதிகள், இணைப்புகள் எல்லாம் குலையாமல் இருக்க வேண்டுமென்றால் டார்-ஜிஇஸட். இதற்கு மேல் வடிவங்களைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இனி மென்பொருள். விண்டோஸில் 7-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999 முதல் வளர்த்துவரும் இலவச, திறமூல மென்பொருள். விளம்பரம் கிடையாது, பழைய கணினியிலும் ஓடும். பெயரை ஒத்த வேறு தளங்கள் உண்டு என்பதால் 7-ஜிப் டாட் ஓஆர்ஜி என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். மேக்கில் உருவாக்குவதற்கு கேகா, வந்ததைத் திறக்க தி அனார்க்கைவர். லினக்ஸில் ஏற்கெனவே இருப்பதே போதும்; 7-ஜிப்பின் அதிகாரபூர்வ லினக்ஸ் பதிப்பும் 2021 முதல் கிடைக்கிறது. அதற்கு முன் எல்லோரும் நம்பியிருந்த பி7ஜிப் 2016-ஓடு நின்றுபோனது; உங்கள் லினக்ஸில் அந்தப் பழசு இருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்று அமைப்பிலும் ஒரே முகத்தோடு இருக்கும் மென்பொருள்தான் வேண்டும், அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லித்தர வேண்டும் என்றால் பீஜிப். நல்ல மென்பொருள்தான், ஆனால் பொத்தான்கள் அதிகம், புதியவர்கள் திணறுவார்கள்.

7-ஜிப்பை நிறுவியவுடன் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "ஆட் டு ஆர்க்கைவ்" பெட்டியைத் திறந்தால் வடிவம் 7-இஸட் என்றுதான் முதலில் நிற்கும். அதைப் பார்க்காமல் ஓகே கொடுத்து அனுப்பிவிட்டு, "ஜிப்தானே அனுப்பினேன்" என்பார்கள். வடிவத்தை ஜிப் என்று மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் அடுத்த தடவை அதையே நினைவில் வைத்துக்கொள்ளும்.

பதிப்பைப் புதுப்பிப்பதும் உங்கள் பொறுப்பு. 7-ஜிப்பும் சரி, வின்ராரும் சரி, தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. வின்ராரில் 2023-இலும் 2025-இலும் தாக்குதல்காரர்கள் உண்மையிலேயே பயன்படுத்திய ஓட்டைகள் கண்டறியப்பட்டன. 7-ஜிப்பிலும் 24.09 பதிப்புக்கு முன் ஓர் ஓட்டை இருந்தது. அஞ்சலில் வரும் சுருக்கக் கோப்புதான் கணினிக்குள் நுழைய எளிய வாசல். அதைத் திறக்கும் மென்பொருளை நான்கைந்து ஆண்டு பழையதாக வைத்திருக்காதீர்கள்.

அடுத்து கோப்புப் பெயர்கள். தமிழில் வேலை செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், கடைசிவரை காரணம் தெரியாமல் போவதும் இங்கேதான். மென்பொருளைத் தேர்வு செய்யும்போது வேகத்தைவிட இதைத்தான் நான் பார்ப்பேன்: தமிழ்ப் பெயர் போன இடத்தில் தமிழாகவே இருக்கிறதா?

ஜிப் பிறந்தபோது கோப்புப் பெயருக்கு ஐபிஎம் 437 என்ற பழைய எழுத்துப் பட்டியலைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். தமிழுக்கு அதில் இடமே இல்லை. 2006-இல்தான் "இந்தப் பெயர் யூடிஎஃப்-8-இல் எழுதப்பட்டது" என்று சொல்லும் ஒரு கொடி விவரக்குறிப்பில் சேர்ந்தது. இந்தக் கொடியை ஏற்றி எழுதும் மென்பொருளும், அதைப் பார்த்துப் படிக்கும் மென்பொருளும் இரு முனையிலும் இருந்தால் சிக்கலில்லை. 7-ஜிப்பில் தமிழ்ப் பெயருக்கு நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். விண்டோஸின் பழைய பட்டியல்களில் அடங்காத எழுத்து என்பதால் அது தானாகவே யூடிஎஃப்-8-இல் எழுதிக் கொடியையும் ஏற்றிவிடும். மேக்கில் ஃபைண்டரின் "கம்ப்ரஸ்" வழியாக உருவான ஜிப்களில்தான், முக்கியமாகப் பழைய பதிப்புகளில், பெயர் யூடிஎஃப்-8 ஆக இருந்தும் கொடி இருக்காது. அதை விண்டோஸில் விரித்தால் பெயர்கள் குப்பையாகத் தெரியும்.

அந்தக் குப்பைக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. அதனால் 437 பட்டியலின்படி படித்தால், கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கோண மேற்கோள் குறியும் திரும்பத் திரும்ப வரும், நடுநடுவே ஏதோ ஒரு குறி. அப்படித் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பெயரை மட்டும் தவறான பட்டியலை வைத்துப் படித்திருக்கிறது. வின்ராரின் மெனுவில் "நேம் என்கோடிங்" என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். பேண்டிஜிப்பிலும் இப்படி மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸில் அனார் என்ற கட்டளைக்கு எழுத்துக் குறியாக்கத்தை எடுத்துச் சொல்லி விரிக்கலாம். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டு ஒரு மாலைப்பொழுதை இழக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் 7 இன்னும் உயிரோடிருக்கும் அலுவலகங்களில் வேறு கதை. அங்கே வலது கிளிக்கில் "சென்ட் டு, கம்ப்ரஸ்டு ஃபோல்டர்" கொடுத்தால், இந்தப் பெயரில் உள்ள எழுத்துகளைச் சேர்க்க முடியாது என்று மறுத்துவிடும். தமிழ் எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து எழுத்துருவை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்தக் கணினியில் 7-ஜிப்பை நிறுவினால் முடிந்தது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் வைக்கலாம்; கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிச் செய்வதில்லை என்றாலும், மேக்கில் உருவாகி வரும் ஜிப்களில் பிரிந்த பெயர்கள் இன்றைக்கும் வருவதுண்டு. இதனால் என்ன ஆகும்? இணையதளத்தில் "கோபுரம்" என்ற படத்தைப் பக்கத்தில் இணைத்திருப்பீர்கள். லினக்ஸ் சர்வருக்கு இரண்டு "கோபுரம்" என்பதும் வேறு வேறு பெயர். படம் ஃபோல்டரில் கண்முன்னே இருக்கும், பக்கம் 404 என்று சொல்லும். எத்தனை முறை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியாது. அந்தக் கோப்பின் பெயரை முழுவதும் அழித்துவிட்டு, விண்டோஸிலோ லினக்ஸிலோ புதிதாகத் தட்டச்சு செய்தால் சரியாகும். அகரம், இகரம், உகரம் மட்டும் உள்ள பெயர்களில் இந்தத் தொல்லை வராது. ஒகர, ஓகார, ஔகாரப் பெயர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பெயரின் நீளமும் பிரச்சினை. விண்டோஸில் ஒரு கோப்புப் பெயர் 255 குறிகள் வரை இருக்கலாம். லினக்ஸில் கணக்கு 255 பைட். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் என்பதால் 85 குறிகளோடு முடிந்தது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறி: "தமிழ்நாடு" என்பதில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து, கணினி எண்ணுவது ஒன்பது குறி, 27 பைட். "சங்கத்தின் வெள்ளிவிழா மலர் ஆசிரியர் குழுக் கூட்டத்தின் தீர்மானங்கள் இறுதி வடிவம் திருத்தியது" என்று ஒரு வேர்டு கோப்புக்குப் பெயர் வைத்தால் விண்டோஸ் கணக்கில் 97 குறிதான், தாராளமாகச் சேமிக்கும். லினக்ஸ் கணக்கில் அது 263 பைட். ஜிப்புக்குள் போகும், சர்வரில் விரியாது. ஆண்ட்ராய்டும் அடிப்படையில் லினக்ஸ் என்பதால் கைப்பேசியிலும் இதே கதிதான். பெயரை நாலு சொல்லுக்குள் முடியுங்கள்.

மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது தேதிகளைக் கவனியுங்கள். ஃபைண்டரில் 14/01 என்று சாய்கோட்டோடு பெயர் வைக்க முடியும். வட்டில் அது முக்காற்புள்ளியாகத்தான் பதிவாகிறது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள், செங்குத்துக் கோடு, கோணக் குறிகள் எதையும் விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. லினக்ஸில் பெரிய எழுத்துப் "போட்டோ"வும் சின்ன எழுத்துப் "போட்டோ"வும் இரண்டு கோப்பாக இருக்கலாம்; விண்டோஸில் விரித்தால் ஒன்றின் மேல் மற்றொன்று ஏறிவிடும்.

இதற்கெல்லாம் நான் வைத்திருக்கும் விதி சுருக்கமானது. மனிதர் படிக்கப் போகும் கோப்புக்குத் தமிழ்ப் பெயர், தயங்காமல். இன்னொரு மென்பொருளோ இணையப் பக்கமோ பெயரைச் சொல்லித் தேடப் போகும் கோப்புக்கு, அதாவது பக்க வடிவமைப்பில் இணைக்கும் படங்கள், இணையதளப் படங்கள் போன்றவற்றுக்கு, சின்ன ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் வையுங்கள். வெளியே இருக்கும் ஜிப்பின் பெயரும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். உள்ளே தமிழ் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்.

மேக்கிலிருந்து அனுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஃபைண்டர் உருவாக்கும் ஜிப்பை விண்டோஸில் விரித்தால் அடிக்கோடுகளோடு "மேக்ஓஎஸ்எக்ஸ்" என்று ஒரு கூடுதல் ஃபோல்டர் வரும். அதற்குள் உங்கள் படங்களின் பெயரிலேயே, முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்த சின்னஞ்சிறு கோப்புகள் இருக்கும். வாங்குகிறவர் அவற்றைத் திறந்து பார்த்துவிட்டு "எல்லாப் படமும் கெட்டுப்போயிருக்கிறது" என்று போன் செய்வார். அவை படங்களே அல்ல, மேக்கின் உள் குறிப்புகள். முழு ஃபோல்டரையும் அழித்துவிடலாம். கேகாவில் இவற்றைச் சேர்க்காமல் விடும் தேர்வு இருக்கிறது. அதை ஒருமுறை டிக் செய்துவிடுங்கள்.

கடவுச்சொல் போடுவதானால் இரண்டு முறை யோசியுங்கள். ஜிப்பின் பழைய பூட்டு ஜிப்கிரிப்டோ. எலி பிஹாமும் பால் கோச்சரும் அதை உடைக்கும் வழியை 1994-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். 7-ஜிப்பில் ஜிப் வடிவத்துக்குக் கடவுச்சொல் கொடுத்தால் இயல்பாக நிற்பது இந்தப் பலவீனமான பூட்டுதான். பக்கத்திலேயே ஏஇஎஸ்-256 இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பு உறுதி. ஆனால் விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அதைத் திறக்காது, லினக்ஸின் பழைய அன்ஜிப் கட்டளையும் திறக்காது. ஆகவே ரகசியம் காக்க வேண்டுமென்றால் எதிர்முனைக்கும் ஒரு மென்பொருள் வேண்டும். அப்படியிருக்க ஜிப் எதற்கு? 7-இஸட் வடிவத்தில், "என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்" என்பதையும் டிக் செய்து அனுப்புங்கள். ஜிப்பில் பூட்டு போட்டாலும் உள்ளே உள்ள கோப்புப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். "ஆதார் நகல், அப்பா" என்ற பெயரே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடுமே. கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு மென்பொருளும் அதை வெவ்வேறு பைட்டுகளாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதே மின்னஞ்சலில் கடவுச்சொல்லையும் எழுதுவது வாசலைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவருவது. போனில் சொல்லுங்கள்.

அளவைப் பற்றி இவ்வளவு போதும்: ஜேபெக் படங்களும், எம்பி4 காணொளிகளும், வேர்டு ஆவணங்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. டாக்எக்ஸ் கோப்பே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். அவற்றை "அல்ட்ரா" நிலையில் வைத்து அரைமணி நேரம் காத்திருந்தாலும் பெரிதாகக் குறையாது. அங்கே ஜிப்பின் வேலை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டுவது மட்டும். "நார்மல்" போதும்.

நாலு ஜிகாபைட்டைத் தாண்டினால் மட்டும் கவனம் தேவை. பழைய ஜிப் வடிவத்தின் எல்லை நாலு ஜிகாபைட், 65,535 கோப்புகள். ஜிப்64 என்ற நீட்சி இதை உடைத்தது, ஆனால் பழைய திறப்பான்கள் அதை அறியா. ஃபேட்32 பென் டிரைவிலும் தனிக்கோப்பு நாலு ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது, "இடம் இருக்கிறது, ஏன் காப்பி ஆகவில்லை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான். பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள், விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் மூன்றும் படிக்கும். 7-ஜிப்பில் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 001, 002 என்று வரும் துண்டுகளை எதிர்முனையில் ஒன்றாக வைத்து 7-ஜிப் கொண்டே திறக்க வேண்டும். மலரை ஆறு தனித்தனி ஜிப்பாக, அத்தியாயம் வாரியாக அனுப்புவதையே நான் விரும்புவேன். ஒன்று கெட்டாலும் மற்ற ஐந்தும் பிழைக்கும்.

அனுப்பும் முன் 7-ஜிப்பில் "டெஸ்ட்" பொத்தானை அழுத்துங்கள். அது பிழையில்லை என்று சொன்ன பிறகே மூலக் கோப்புகளை அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். வாங்குகிறவரிடம் இதையும் சொல்லுங்கள்: ஜிப்பை இரட்டைக் கிளிக் செய்து உள்ளேயே ஆவணத்தைத் திறந்து திருத்தக் கூடாது. விண்டோஸ் காட்டுவது தற்காலிக நகல். செய்த திருத்தம் எங்கே போனது என்று பிறகு தேட வேண்டியிருக்கும். முதலில் "எக்ஸ்ட்ராக்ட் ஆல்", பிறகு வேலை.

புதிய குழுவோடு வேலை தொடங்கும்போது முதலில் ஒரு சோதனை ஜிப் அனுப்புங்கள். உள்ளே மூன்று கோப்பு போதும்: "கோபுரம்" என்ற பெயரில் ஒன்று, நீளமான தமிழ்ப் பெயரோடு ஒன்று, ஆங்கிலப் பெயரில் ஒன்று. விண்டோஸ், மேக், கைப்பேசி, சர்வர் எல்லாவற்றிலும் விரித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பெயரும் எல்லா இடத்திலும் அப்படியே வந்தால், அந்த மென்பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை யாரும் வேறு எதற்கும் மாற வேண்டாம்.